எந்தக் கணக்கிலும் வராத கோழிகள்

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கும் ஆல்டடீனாவில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. கொல்லைக் கூண்டுகளில் கோழிகள் அடைந்துவிட்டன. ஆறேகால் மணியைத் தாண்டியதும் ஈட்டன் பள்ளத்தாக்கில் தீப்பிடித்தது. பாலைவனத்திலிருந்து மலை தாண்டி இறங்கும் சாண்டா அனா காற்று அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழன்றடித்தது. தண்ணீர் ஊற்ற வேண்டிய விமானங்கள்கூட அந்தக் காற்றில் பறக்க முடியாமல் தரையில் நின்றன. தீ அடங்கிக் கணக்குப் பார்த்தபோது 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன. 19 பேர் உயிரிழந்தார்கள்.

அந்த ஊரின் கொல்லைகளில் எத்தனை கோழிகள் இருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. நாய் வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை நாய் என்பதற்குக் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்திடம் ஓரளவாவது பதிவு இருக்கும். நாலைந்து பெட்டைக்கோழி வைத்திருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாதாரண நாளில் அது நல்லதுதான். தீ வரும் இரவில் அந்தக் கோழிகள் எவருடைய திட்டத்திலும் இல்லாமல் போவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

ஆல்டடீனா சாதாரணப் புறநகர் அல்ல. குதிரை லாயமும் ஆடும் பழமரங்களுமாக, பெரிய கொல்லைகள் கொண்ட பழைய ஊர். அங்கே கோழி வளர்ப்பது புதுப் பழக்கமில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கவே அந்தப் பழக்கத்துக்குப் புது வேகம் வந்திருக்கிறது. 2022இல் தொடங்கிய பறவைக் காய்ச்சல் அலையில் அந்நாட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன அல்லது அழிக்கப்பட்டன. 2025 ஜனவரியில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 4.95 டாலர், மார்ச்சில் 6 டாலரையும் தாண்டியது. கடை முட்டைக்கு இவ்வளவு கொடுப்பதைவிட வீட்டிலேயே நாலு கோழி வைத்துக்கொள்ளலாம் என்று பலருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. அப்படி வாங்கிய கோழிக்குப் பிள்ளைகள் பெயர் வைக்கிறார்கள். முட்டையிடுவது நின்றுபோன பிறகும் சாகும்வரை தீனி போட்டு வைத்திருக்கிற வீடுகள் ஏராளம்.

இத்தனை வீடுகளில் புகுந்துவிட்ட ஒரு உயிருக்கு, பேரிடர்க் காலத்தில் இடம் எது? இதைக் கேட்டால் உடனே ஒரு மறுப்பு வரும். மனிதர்களே செத்துக்கொண்டிருக்கும்போது கோழியைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். அதற்கான பதில் 20 ஆண்டுகளுக்கு முன்பே நியூ ஆர்லியன்ஸில் கிடைத்துவிட்டது.

2005இல் கத்ரீனா சூறாவளி அந்த நகரத்தை மூழ்கடித்தபோது, வளர்ப்புப் பிராணிகளை முகாம்களில் சேர்க்கவில்லை. மீட்புப் படகுகளிலும் பேருந்துகளிலும் ஏற்றவில்லை. நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தண்ணீர் ஏறும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் பலர். பிராணியை விட்டு வரச் சொன்னால் மனிதரும் வரமாட்டார், அதனால் மனிதரும் சாவார் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அப்போது கற்றுக்கொண்டது. 2006 அக்டோபரில் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டுமானால், மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் வெளியேற்றத் திட்டங்களில் வீட்டு வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

நல்ல சட்டம். ஆனால் கோழி அதன் இடுக்கில் விழுந்துவிட்டது. சட்டத்தைச் செயல்படுத்தும் மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, எவையெல்லாம் வீட்டுப் பிராணி என்று ஒரு பட்டியல் போட்டது. நாய், பூனை, பறவை, முயல், எலி வகை, ஆமை ஆகியவை உள்ளே. பாம்பு, மீன், பூச்சி, குதிரை உள்ளிட்ட பண்ணை விலங்குகள் வெளியே. கூண்டுக்கிளிக்கு இதில் சிக்கலே இல்லை. கொல்லையில் மேயும் கோழி பறவையா, பண்ணை விலங்கா? வருமானத்துக்காக அல்லாமல் ஆசைக்காக வீட்டுக்குள் வளர்ப்பதுதான் வீட்டுப் பிராணி என்கிறது அந்த விளக்கம். கோழி ஆசைக்கும் இருக்கிறது, முட்டைக்கும் இருக்கிறது. வீட்டோடு இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் இல்லை. முகாமைத் திறக்கும் அதிகாரி எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, பண்ணை விலங்கு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறதா? தீ சூழ்ந்த பகுதிக்குள் கால்நடை வளர்ப்பவர் திரும்பிப் போய்த் தன் மந்தைக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து வர அனுமதிக்கும் ‘வேளாண் பாஸ்’ முறையைக் கலிஃபோர்னியா 2021இல் சட்டமாக்கியது. பிழைப்பே கால்நடையை நம்பி இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. பல கவுண்டிகளில் அந்தப் பாஸ் வாங்கக் குறைந்தது 50 கால்நடைகளோ 100 கோழிகளோ இருக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் ஆசிரியைக்கோ ஓய்வுபெற்ற அஞ்சல்காரருக்கோ பாஸ் கிடையாது. கிடைக்கவும் கூடாதுதான், எரியும் ஊருக்குள் ஆறு கோழிக்காக ஆள் அனுப்புவது சரியல்ல. ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் அவரை வளர்ப்புப் பிராணிக்காரர் அல்ல என்கிறது, இன்னொரு பக்கம் பண்ணைக்காரர் அல்ல என்கிறது. ஆகவே அவர் செய்யக்கூடியதெல்லாம், வீட்டை விட்டு முதல் முறை கிளம்பும்போதே செய்து முடித்தாக வேண்டியது. திரும்பி வரலாம் என்ற நினைப்புக்கே அங்கே இடமில்லை.

அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. கலிஃபோர்னியாவில் வெளியேற்றத்துக்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் எச்சரிக்கை, பிறகு ஆணை. எச்சரிக்கை வந்த உடனேயே, கூடுதல் நேரம் தேவைப்படுவோரும் பிராணிகள், கால்நடைகள் வைத்திருப்போரும் கிளம்பிவிட வேண்டும் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். கோழி வைத்திருப்பவருக்கு எச்சரிக்கைதான் ஆணை.

ஆல்டடீனாவில் என்ன நடந்தது? லேக் அவென்யூ என்ற சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் கிழக்கே அன்று மாலை 7.30 மணி வாக்கிலேயே வெளியேற்ற அறிவிப்புகள் வரத் தொடங்கின. மேற்கே வெளியேற்ற ஆணை வந்தபோது மறுநாள் அதிகாலை 3.25 மணி. இடையில் எச்சரிக்கை என்ற முதல் படியே அந்த மக்களுக்கு வரவில்லை. உயிரிழந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் மேற்குப் பகுதியில் இருந்தவர்கள். பலர் முதியவர்கள், உடல் இயலாதவர்கள். எச்சரிக்கை ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவது எத்தகைய அநீதி என்பதை அந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மனிதர்களுக்கே அவகாசம் இல்லாத தெருவில் பிராணிகளுக்கு என்ன அவகாசம் கிடைத்திருக்கும்?

அவகாசம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மாநிலத்தில் சான்று இருக்கிறது. 2017 அக்டோபரில் சோனோமா கவுண்டியில் நள்ளிரவில் பாய்ந்த டப்ஸ் தீயில் 22 பேர் இறந்தார்கள்; 5,600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. இரண்டே ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில் அதே கவுண்டியில் கின்கேட் தீ. இம்முறை நிர்வாகம் காத்திருக்கவில்லை. ஏறக்குறைய 2 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியது. ஒருவர்கூட இறக்கவில்லை. சோனோமா கோழிக்குப் பேர்போன மண். அங்கே உள்ள பெட்டலூமாவில் 1879இல் லைமன் பைஸ் என்பவர் முட்டை பொரிக்கும் எந்திரத்தை உருவாக்கிய பிறகு, உலகத்தின் முட்டைத் தலைநகர் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. பகல் வெளிச்சத்தில், பல மணி நேர அவகாசத்தோடு வெளியேறும் ஊரில் கூண்டைக் காரில் ஏற்ற முடியும். தீ தெருமுனைக்கு வந்த பிறகு கதவைத் தட்டினால் செருப்பு மாட்டக்கூட நேரம் இருக்காது.

அடுத்தது கூண்டு. இந்த விஷயத்தில் குறை அரசிடம் இல்லை, வளர்ப்பவரிடம்தான் இருக்கிறது. அழகான மரக்கூண்டு கட்டி, தானாகத் திறந்து மூடும் கதவு பொருத்தி, கோடையில் நீர்த்தூவல் வைத்துக் கோழி வளர்க்கும் பல வீடுகளில், அத்தனை கோழிகளையும் ஒரே நேரத்தில் தூக்கிப்போக ஒரு பெட்டி இருக்காது. பூனைப்பெட்டி ஒன்று பரணில் கிடக்கும், அவ்வளவுதான்.

பஞ்சாரத்தில் கோழி கவிழ்த்துப் பழகிய நம் கிராமத்தார் எவருக்கும் ஒன்று தெரியும். பகலெல்லாம் கைக்கு அகப்படாமல் தெருத்தெருவாக ஓட்டம் காட்டும் கோழி, பொழுது சாய்ந்து அடைந்துவிட்டால் பேசாமல் கைக்கு வந்துவிடும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. இருந்த இடத்தை விட்டு நகராது. காட்டுத்தீ இரவில் வந்தால் வளர்ப்பவருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இதுதான். விளக்கைப் பளிச்சென்று அடிக்காமல், மங்கிய வெளிச்சத்தில் கூண்டுக்குள் கையை விட வேண்டும். முதுகுப்பக்கமாக இரண்டு கைகளாலும் இரு சிறகுகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது கூடாது. நுரையீரலின் மேல் வயிற்றுப் பாரம் முழுக்க இறங்கும், புகையில் ஏற்கெனவே திணறும் கோழி அதில் செத்தும் போகலாம். தூக்கிய கோழியைப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவு வழியாக விடுவதைவிட மேல்மூடி திறக்கும் பெட்டியில் இறக்குவது சுலபம். முதல் கோழி உள்ளே போனதும் மற்றவை அதன் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளும். சேவல் இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி.

நடுத்தர அளவு நாய்க்கான மடக்குக் கம்பிக் கூண்டு ஒன்றில் நாலைந்து கோழி தாராளமாக இருக்கும். அதுவும் இல்லையா, நல்ல கெட்டியான அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் காற்றுத் துளை போட்டால் ஒரு பயணத்துக்குப் போதும். அடியில் பழைய துண்டோ கோணிச் சாக்கோ விரிக்க வேண்டும். வழுக்கும் தரையில் கோழியின் கால் பிசகிவிடும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்து பெட்டியெல்லாம் ஈரமாகும். அதற்குப் பதில் வெள்ளரியோ தர்ப்பூசணியோ நறுக்கிப் போடுவது அனுபவசாலிகளின் வழக்கம். காரின் பின் டிக்கியில் ஏற்றக் கூடாது. ஏற்றிய பிறகு கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்தவும் கூடாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் உடம்புச்சூடு உள்ள உயிர் அது.

இதையெல்லாம் தீ வருவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். எத்தனை பெட்டி காரில் ஏறுகிறது, வீட்டில் யார் பிடிப்பது, யார் மூடியைத் திறப்பது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பெட்டிகளைப் பரணில் ஏற்றாமல் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதும் நல்லது. கோழியின் காலில் எண் பதித்த வளையம் மாட்டி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் முகாமில் அடையாளம் சொல்ல உதவும். ஒரே நிறத்தில் இருபது சிவப்புக் கோழிகள் ஒரு கொட்டகையில் நிற்கும்போது யாருடையது எது என்று எப்படிச் சொல்வது?

தீ வீடு வரை வராத ஊர்களிலும் புகை வருகிறது. 2020இல் கலிஃபோர்னியாவில் 42 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. செப்டம்பர் 9ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பட்டப்பகலில் வானம் செம்மஞ்சளாக இருண்டு, தெருவிளக்குகள் எரிந்தன. அந்தப் புகையை மனிதரைவிடக் கோழி மோசமாக வாங்குகிறது. மனிதனின் நுரையீரல் பை போல விரிந்து சுருங்குகிறது. கோழியின் நுரையீரல் அசையாமல் இருக்கிறது. உடம்பெங்கும் உள்ள ஒன்பது காற்றுப்பைகள் துருத்தியாக இயங்கி, ஒரே திசையில் காற்றை அதன் வழியே தள்ளுகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரலைத் தொடுகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான சவ்வும் மிக மெல்லியது. உயரப் பறக்கும் பறவைகளுக்கு வரமான இந்த அமைப்புதான், புகையிலுள்ள நுண்துகளையும் நச்சு வாயுவையும் அதே திறமையோடு உள்ளே சேர்க்கிறது. சுரங்கத்தில் நச்சு வாயுவைக் கண்டறியப் பிரிட்டன் 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்ததும் இதனால்தான். உதரவிதானம் இல்லாததால் மனிதரைப் போல வலுவாக இருமி வெளியே தள்ளவும் கோழியால் முடியாது.

அதனால் புகை நாட்களில் அவற்றை ஓடவிடாமல், விரட்டாமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். சாம்பல் படிந்த தண்ணீரையும் தீனியையும் கொட்டிவிட வேண்டும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குவது, கண்ணை மூடி ஒடுங்கி நிற்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். காற்று வீசும் நாட்களில் மின்கம்பி உரசித் தீப்பிடிக்காமலிருக்க மின் நிறுவனங்கள் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துவதும் கலிஃபோர்னியாவில் வழக்கமாகிவிட்டது. கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீடுகளில் அன்று தண்ணீரும் நின்றுபோகும். கோழிக்கென்று குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறவர் பிழைத்துக்கொள்வார்.

முகாமுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் தீ வந்தால் கவுண்டித் திருவிழா மைதானங்கள்தான் கால்நடைகளின் புகலிடம். ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கும் கொட்டகைகள், தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அங்கே தயாராக உண்டு. 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை விழுங்கிய கேம்ப் தீ 85 பேரைக் கொன்று, 18,800க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அப்போது பியூட் கவுண்டியின் தன்னார்வ விலங்கு மீட்புக் குழு, பெரிய விலங்குகளை கிரிட்லியிலுள்ள திருவிழா மைதானத்திலும் நாய் பூனைகளைச் சிக்கோ விமானநிலைய வளாகத்திலும் வைத்துக் காப்பாற்றியது. அந்தக் குழுவினர் பயிற்சி பெற்று, தீயணைப்புத் துறையின் அனுமதியோடு மூடப்பட்ட பகுதிக்குள் போய், விட்டுவிட்டு வந்த பிராணிகளுக்கு இருந்த இடத்திலேயே தீனியும் தண்ணீரும் வைத்துத் திரும்பினார்கள். வீட்டுக்காரர் திரும்பிப் போக முடியாத இடத்துக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் போகிறார். ஒவ்வொரு கவுண்டியிலும் இப்படி ஒரு குழு இருந்தால், வேளாண் பாஸ் இல்லாதவரின் தவிப்பில் பாதி தீர்ந்துவிடும். ஈட்டன் தீயிலும் பர்பேங்கின் குதிரையேற்ற மையம் இரவோடு இரவாகத் திறந்துவிடப்பட்டது. பசடீனாவின் விலங்குக் காப்பகத்துக்கு முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பிராணிகள் வந்தன.

ஆனால் கோழிக்குக் கொட்டகை மட்டும் போதாது. குதிரையைப் பக்கத்துக் குதிரையோடு கட்டலாம். நாற்பது வீட்டுக் கோழிகளை ஒரே கொட்டகையில் விட்டால் நோய்க்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. 2018 மே மாதம் தெற்குக் கலிஃபோர்னியாவில் வெடித்த கொடிய ராணிக்கெட் நோய் அடங்க 2020 ஜூன் ஆயிற்று. 470க்கும் மேற்பட்ட இடங்களில் அது பரவியது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக் கொல்லைகள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொன்றுதான் நோயை ஒழித்தார்கள். ஈட்டன் தீயின்போது நிலைமை இன்னும் சிக்கல். 2024 டிசம்பர் 18 அன்று பறவைக் காய்ச்சலுக்காக ஆளுநர் கேவின் நியூசம் மாநிலம் முழுவதும் நெருக்கடி நிலை அறிவித்திருந்தார். 2025 ஜனவரியில், தீ பரவிய அதே நாட்களில், கண்காட்சிகளில் கோழிகளைக் கொண்டுவந்து வைப்பதையே மாநிலக் கால்நடை மருத்துவர் தடை செய்தார். கோழிகளை ஒன்றுகூட்டாதீர்கள் என்று ஒரு துறை சொல்லும்போது, கோழிகளைக் கொண்டுவந்து சேருங்கள் என்று இன்னொரு துறை எப்படிச் சொல்லும்?

இந்த முரணைத் தீர்க்க வழி இருக்கிறது. அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. ஒரு வீட்டுக் கோழிகள் கொண்டுவந்த பெட்டியிலேயே அல்லது தனிக் கூண்டிலேயே இருக்க வேண்டும். கூண்டுக்கும் கூண்டுக்கும் இடைவெளி, நடுவே தடுப்பு, ஒவ்வொரு கூண்டுக்கும் தனித் தீனிப் பாத்திரம், ஒரு கூண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கையையும் செருப்பையும் கிருமிநாசினியில் கழுவும் ஒழுங்கு, வரும்போதே நோய்க்குறி பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவர். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளி 2021 முதல் மாநில நிதியில் ஒரு அவசரக்கால மருத்துவக் குழுவை நடத்தி வருகிறது. இந்த வேலைக்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். கோழி வரும் என்று எதிர்பார்த்து, அதற்கான ஏற்பாட்டை முகாம் திட்டத்தில் எழுதி வைப்பதுதான் மிச்சம். அதைத் தீக்காலத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். தீ பிடித்த பிறகு எழுதுவதில் பயனில்லை. வளர்ப்பவரும் முகாமை மட்டும் நம்பாமல், இருபது முப்பது மைல் தள்ளி, வேறு கோழி இல்லாத ஒரு நண்பர் வீட்டுக் கார்க்கொட்டகையைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் தவறி, கோழியை எடுக்கவே முடியாமல் போனால்? கூண்டைத் திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். பகலில் அதில் ஓரளவு உண்மை உண்டு. புல் பூண்டு இல்லாத வெறுந்தரையில், நிறையத் தண்ணீர் வைத்துத் திறந்துவிட்ட கோழிக்கு, மரக்கூண்டுக்குள் பூட்டப்பட்ட கோழியைவிட வாய்ப்பு அதிகம். இரவு 3 மணிக்குக் கதவைத் திறப்பது வேறு. எந்தக் குணத்தால் இருட்டில் அது கைக்கு எளிதாக வருமோ, அதே குணத்தால் திறந்த கதவையும் பொருட்படுத்தாமல் அடைந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து தூக்கி வெளியே விட அரை நிமிடம் போதும் என்றால், அந்த அரை நிமிடத்தில் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடலாம். அதற்கும் நேரம் இல்லையென்றால் மனிதர் கிளம்பிவிட வேண்டியதுதான். இதில் தயக்கத்துக்கு இடமே கிடையாது.

கூண்டே தீயை வீட்டுக்கு அழைத்து வரவும் கூடும். காட்டுத்தீயில் பெரும்பாலான வீடுகள் நேரடித் தீநாக்கால் பற்றுவதில்லை. ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் காற்றில் பறந்து வரும் தணல் துண்டுகளால்தான் பற்றுகின்றன. மரக்கூண்டு, உள்ளே காய்ந்த வைக்கோல், மரச்சீவல், தூளான எச்சம்: ஒரு தணலுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுச் சுவரை ஒட்டிய 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்ற விதிக்குக் கலிஃபோர்னியா 2020இலேயே சட்டம் போட்டது. அந்த விதிகளை எழுதி முடிக்கும்படி ஆளுநர் 2025 பிப்ரவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வெளிக்கொட்டகையைச் சுற்றி 10 அடிக்கு வெறுந்தரையாக வைக்கச் சொல்கிறது மாநிலத் தீயணைப்புத் துறை. கோழி வளர்ப்பவருக்கு இதில் சங்கடமே இல்லை. கோழி மேயும் இடத்தில் புல் நிற்பதில்லை. தகரக் கூரை, நெருக்கமான கம்பிவலை, தீக்காலத்தில் வைக்கோலுக்குப் பதில் மணல் ஆகியவை கைக்கு எட்டும் செலவுதான்.

தீ ஓய்ந்து ஊர் திரும்பிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காத வேலை அது. எரிந்த காட்டின் சாம்பலும் எரிந்த ஊரின் சாம்பலும் ஒன்றல்ல. ஆல்டடீனாவின் வீடுகளில் பெரும்பகுதி பழையவை. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1978இல்தான் தடை செய்தது. அந்தச் சுவர்களெல்லாம் எரிந்து சாம்பலாகக் கொல்லைகளில் படிந்தன. 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி எடுத்த மண் பரிசோதனைகளில், குடியிருப்பு மண்ணுக்குக் கலிஃபோர்னியா வைத்திருக்கும் வரம்பான கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஈயத்தை எரிந்த பகுதியின் பல மாதிரிகள் தாண்டின.

கோழியோ நாளெல்லாம் அந்த மண்ணைத்தான் கிளறுகிறது, கொத்துகிறது, அதிலேயே புழுதிக் குளியல் போடுகிறது. தின்ற ஈயத்தில் ஒரு பங்கு முட்டையின் மஞ்சள் கருவில் போய்ச் சேர்கிறது. மஞ்சள் கருவை ஆசையோடு தின்பவர்கள் குழந்தைகள். ஈயத்தால் மூளை வளர்ச்சி கெடுவதும் அவர்களுக்குத்தான். கோழியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஈயம் ஏறிய கோழி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், நன்றாகத்தான் முட்டையிடும். 2017 தீக்குப் பிறகு டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடக்குக் கலிஃபோர்னியாவின் வீட்டுக்கோழி முட்டைகளைச் சேகரித்துச் சோதிக்கத் தொடங்கியது இந்தக் கவலையில்தான். முட்டையில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி அங்குள்ள கால்நடை நலம், உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இருக்கிறது.

ஆல்டடீனாவில் வீடுகள் மீண்டும் எழுகின்றன. கோழிக்கூண்டுகளும் எழும். மண்ணைப் பரிசோதித்து, மேல்மண்ணை அகற்றி அல்லது சுத்தமான மண்ணால் மூடி, தீனியைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வைத்துத் தொடங்கினால் அந்த முட்டைகளைப் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுக்கலாம். எரிந்த வீட்டின் இடிபாட்டை அள்ளிப்போன அரசு, அந்தத் தெருவின் முட்டைகளையும் சில ஆண்டுகளுக்கு இலவசமாகச் சோதித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்கான படிவத்திலேயே வீட்டில் எத்தனை கோழி என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அடுத்த தீக்காலத்துக்கு முன் கவுண்டியின் முகாம் திட்டத்தில் எத்தனை கூண்டு வேண்டும் என்பதும் முதல் முறையாகத் தெரிந்துவிடும்.